சிறு பெட்டியும் பொது உழைப்பும்

வீட்டின் ஒரு மூலையில் சுவரோடு ஒட்டியிருந்து, இரவும் பகலும் இரண்டு மூன்று சிறு விளக்குகளை மினுக்கிக்கொண்டிருக்கும் இணையப் பெட்டியை நாம் வானொலிப் பெட்டியைப் போன்ற ஒரு கருவி என்றே எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு கணனி. அதற்குத் திரையில்லை, தட்டச்சுப் பலகையில்லை. ஆயினும் அதனுள் ஒரு நுண்செயலி உண்டு, நினைவகம் உண்டு, அவற்றை ஆளுகின்ற பணிசெயல் முறைமை ஒன்றும் உண்டு. உலகெங்குமுள்ள இத்தகைய பெட்டிகளுள் மிகப் பலவற்றை ஆள்வது லினக்ஸ் என்னும் முறைமையாகும். தனியொரு முதலாளியின் சொத்தாக அல்லாமல், பல நாடுகளைச் சேர்ந்த பல்லாயிரவரின் கூட்டுழைப்பினால் வளர்ந்து, எவரும் படித்துத் திருத்தத் தக்கதாகத் திறந்து வைக்கப்பட்டுள்ள முறைமை அது.

இவ்வளவு பெரிய முறைமை இவ்வளவு சிறிய பெட்டிக்குள் எவ்வாறு புகுந்தது? புகுந்த பின்னர் அது யாருக்கு உரியதாயிற்று? முன்னைய வினா தொழில்நுட்பம் பற்றியது என்றும், பின்னையது சட்டம் பற்றியது என்றும் நாம் பிரித்துவிட முனைவோம். ஆனால், கடந்த முப்பது ஆண்டுகால வரலாற்றை ஊன்றி நோக்குவோமாயின், இரண்டும் ஒரே வினாவின் இரு முகங்களே என்பது புலனாகும்.

முதலில் மூலநிரல் என்பது யாதென அறிந்துகொள்ளல் வேண்டும். ஒரு செய்நிரலை மனிதர் எழுதுகின்ற, மனிதர் வாசிக்கத்தக்க வடிவமே மூலநிரல். அது இயந்திரம் ஏற்கும் வெறும் எண்களாக மாற்றப்பட்ட பின்னரே கருவிக்குள் புகுத்தப்படுகிறது. அந்த எண்களை வாசித்துப் பொருளறிந்து திருத்துதல் மிகக் கடினமான காரியம். ஆகவே, மூலநிரலை மறைத்து வைத்திருப்பவன், கருவியை விற்றுப் பணம் பெற்ற பின்னரும் அதன் எசமானனாகவே இருந்து வருகிறான். வாங்கியவன் பெட்டிக்கு உரியவன். பெட்டியின் நடத்தைக்கு உரியவனல்லன்.

இந்த நிலையை எதிர்த்து எழுந்தவருள் முதன்மையானவர் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன். ஆய்வுகூடத்தின் அச்சியந்திரம் அடிக்கடி தடைப்பட்டபோது அதன் செய்நிரலைத் திருத்தியமைக்க விரும்பிய அவருக்கு மூலநிரல் மறுக்கப்பட்டது. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளர், எவருக்கும் கொடுப்பதில்லை என வாக்குறுதி அளித்திருந்தார் என்று ஸ்டால்மன் பின்னர் கூறியிருக்கிறார். 1983ஆம் ஆண்டிலே குனூ என்னும் சுதந்திர முறைமையொன்றை ஆக்கப்போவதாக அவர் அறிவித்தார். 1989இல் குனூ பொது உரிமம் வெளிவந்தது. 1991இல் அதன் இரண்டாம் பதிப்புத் தோன்றியது.

பதிப்புரிமைச் சட்டம் உடைமையாளனைக் காப்பதற்காக எழுந்த சட்டம். ஸ்டால்மன் அதனையே எடுத்துத் தலைகீழாக நிறுத்தினார். ‘இச்செய்நிரலை எவரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் பிறருக்குக் கொடுப்பீராயின் மூலநிரலையும் இதே உரிமைகளோடு கொடுத்தல் வேண்டும்’ என்பதே உரிமத்தின் சாரம். பொதுவில் இருந்து எடுத்ததைப் பொதுவுக்கே திருப்பித் தருக என்னும் நியதி அது. 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரிலே லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் தமது சொந்தக் கணனிக்காக எழுதத் தொடங்கிய லினக்ஸ் கரு, ஏறத்தாழ 10,000 வரிகளோடு முதன்முதல் வெளிவந்தது. 1992இல் அவர் அதனை இந்த உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தார். இந்தத் தீர்மானத்தின் முழு விளைவும் பத்தாண்டுகளுக்குப் பின்னரே வெளிப்பட்டது.

லினக்ஸ் பிறந்தது மேசைக் கணனிக்காக. அதனைச் சுருக்க வேண்டிய தேவை முதலில் வணிகத்தினால் எழவில்லை. டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பைப் புதிதாக ஒரு கணனியில் நிறுவுவதற்கு, 1.44 மெகாபைற் மட்டுமே கொள்ளத்தக்க ஒற்றை நெகிழ்வட்டிலிருந்து அக்கணனியை எழுப்ப வேண்டியிருந்தது. 1995ஆம் ஆண்டளவில் புரூஸ் பெரன்ஸ் என்பார் இதற்கென எழுதிய செய்நிரலே ‘பிஸிபொக்ஸ்’. யுனிக்ஸ் மரபிலே கோப்பைப் பிரதி செய்ய ஒன்று, பட்டியலிட ஒன்று, அழிக்க ஒன்று என ஒவ்வொரு காரியத்துக்கும் ஒவ்வொரு சிறு செய்நிரல் உண்டு. அவை ஒவ்வொன்றும் தன்தன் தலைச்சுமையையும் தாங்கி நிற்கும். ஒரே வேலையைச் செய்யும் பகுதிகள் பலவற்றிலும் திரும்பத் திரும்ப இடம்பெறும். பெரன்ஸ் இவற்றையெல்லாம் ஒரே செய்நிரலாக ஒன்றிணைத்தார். சிறு கூத்துக் குழுவிலே ஒரே நடிகர் அரசனாகவும் மந்திரியாகவும் காவலாளியாகவும் வந்து, எப்பெயர் கொண்டு அழைக்கப்படுகிறாரோ அப்பாத்திரமாகவே பேசுவதுபோல, இந்த ஒற்றைச் செய்நிரலும் எப்பெயரால் அழைக்கப்படுகிறதோ அக்காரியத்தைச் செய்தது. பொதுப்பகுதி ஒருமுறையே எழுதப்பட்டது, இடம் மிஞ்சியது.

நெகிழ்வட்டுக்கென ஆக்கப்பட்டது விரைவில் வேறு வழிகளிலும் பயன்பட்டது. பழைய கணனியொன்றை எடுத்து, வன்தட்டுக்கூட இல்லாமல், ஒரு நெகிழ்வட்டைக்கொண்டே வலையமைப்பின் தரவுகளை வழிப்படுத்தும் ரவுட்டராக மாற்றும் முயற்சி 1990களின் பிற்பகுதியில் லினக்ஸ் ரவுட்டர் திட்டத்தினால் நிகழ்ந்தது. விலையுயர்ந்த கருவிக்குப் பணமில்லாதவர்களுக்குக் குப்பைக்குப் போகவிருந்த இயந்திரம் கைகொடுத்தது. சுருக்கமும் சிக்கனமும் சுதந்திரமும் ஒன்றையொன்று பற்றி நின்றதை நாம் இங்கேயே காண்கிறோம்.

அடுத்த தடை வன்பொருளைச் சார்ந்தது. மேசைக் கணனியின் நுண்செயலியில் நினைவக முகாமைத்துவ அலகு என்றோர் உறுப்பு உண்டு. ஒவ்வொரு செய்நிரலுக்கும் தனித்தனி வளவு வகுத்து வேலியடைத்துக் கொடுப்பது அதன் வேலை. ஒருவர் வளவுக்குள் இன்னொருவர் காலடி வைக்க முடியாது. மலிவான நுண்செயலிகளில் இவ்வேலி இல்லை. லினக்ஸோ வேலியிருக்கும் என்ற நம்பிக்கையின்மேல் எழுந்தது. 1998இல் ஜெஃப் டியோன், கென்னத் அல்பனோவ்ஸ்கி ஆகியோர் ‘யூ-சி-லினக்ஸ்’ என்னும் பெயரில், வேலியற்ற மோட்டோரோலா நுண்செயலியைக் கொண்ட கையடக்கப் பாம்பைலற் கருவியிலே லினக்ஸை இயங்கச் செய்தனர். இதற்கு விலையும் உண்டு. ஒரு செய்நிரல் தடுமாறினால் முழு முறைமையும் வீழலாம். தன்னைத்தானே முழுமையாகப் பிரதியெடுத்துப் புதிய செயலைத் தொடங்கும் யுனிக்ஸின் பழைய வழக்கத்தையும் விட்டுவிட வேண்டியதாயிற்று. எனினும் அவ்வேலை வீண்போகவில்லை. 2002இல் அதன் முக்கிய பகுதிகள் லினக்ஸின் முதன்மை நிரலோடு சேர்த்துக்கொள்ளப்பட்டன.

இவ்வாறே ஏனைய உறுப்புகளும் ஒவ்வொன்றாகச் சிறுத்தன. எல்லாச் செய்நிரல்களும் சார்ந்து நிற்கும் சி மொழி நூலகம் மிகப் பருத்திருந்தது. 1999 தொடக்கம் பிஸிபொக்ஸைப் பேணி வளர்த்த எரிக் அண்டர்சன், ‘யூ-சி-லிப்-சி’ என்னும் சிறிய நூலகத்தையும் ஆக்கினார். இச்சிறு கருவிகளின் சேமிப்பகம் பிளாஷ் நினைவகமாகும். அதில் ஓர் எழுத்தை மாற்றுவதற்கும் பெரிய கட்டமொன்றை முழுவதுமாக அழித்தாக வேண்டும். மீண்டும் மீண்டும் அழிக்கப்படும் கட்டம் தேய்ந்து போகும். சுவீடன் நாட்டின் அக்ஸிஸ் நிறுவனத்தார் 1999இல் ஆக்கி, 2001இல் ரெட் ஹற் நிறுவனத்தில் புதுக்கி எழுதப்பட்ட கோப்பு முறைமை, எழுத்துகளைக் கட்டங்களெங்கும் பரப்பி அத்தேய்வைச் சமனாக்கியது. 2002இல் பிலிப் லௌகர் வெளியிட்ட ‘ஸ்குவாஷ்’ கோப்பு முறைமை, மாற்றப்பட வேண்டாத பகுதிகளை இறுக்கிச் சுருக்கி வைத்தது. கீழே இறுக்கிய நிலையான அடுக்கும் மேலே மாற்றத்தக்க மெல்லிய அடுக்குமாகப் பின்னர் பல பெட்டிகள் அமைந்தன.

பெட்டி தனக்குரிய முறைமையைத் தானே கட்டிக்கொள்ளும் வலிமையற்றது. ஆகையால், பெரிய கணனியொன்றில் வைத்துச் சிறிய நுண்செயலிக்கான நிரலை ஆக்கி, பின்னர் பெட்டிக்குள் ஏற்ற வேண்டும். இக்கடினமான வேலையை ஒழுங்குபடுத்துவதற்கென 2001இல் ‘பில்ட்ரூட்’ என்னும் கட்டமைப்புத் தொகுதி தோன்றியது. வேண்டியவற்றைத் தெரிந்தெடுத்தால், கரு, நூலகம், செய்நிரல்கள் யாவும் ஒன்றுசேர்ந்து ஒரே கோப்பாக வெளிவரும். ஆக, 2002ஆம் ஆண்டளவில் சிறு பெட்டிக்கான முறைமை ஒன்றின் எல்லாப் பாகங்களும் ஆயத்தமாகிவிட்டன. சிலவற்றை நிறுவனங்களின் ஊதியம் பெற்றோர் எழுதினர். சிலவற்றைத் தம் ஓய்வு நேரத்தில் எழுதியோர் ஈந்தனர். அனைத்தும் பொதுவில் கிடந்தன.

இதனை முதலாளித்துவ உற்பத்தி கண்ணுற்றது. பெட்டிகளைப் பத்து இலட்சக்கணக்கில் செய்பவனுக்கு, ஒரு பெட்டியில் சில சதம் மிச்சமாவதும் பெருந்தொகையே. முன்னர் இத்தகைய கருவிகளுக்கென விற்கப்பட்ட தனியுடைமை முறைமைகளுக்கு, விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் கட்டணம் செலுத்துவது வழக்கமாயிருந்தது. லினக்ஸுக்கோ கட்டணமில்லை. 2002 டிசம்பரில் லின்க்ஸிஸ் நிறுவனம் சந்தைக்குக் கொணர்ந்த டபிள்யூ-ஆர்-ரி-54-ஜி என்னும் வீட்டு ரவுட்டரிலே 4 மெகாபைற் பிளாஷ் நினைவகமும் 16 மெகாபைற் இயங்கு நினைவகமும் இருந்தன. அதனை ஆண்டது லினக்ஸ். ஆனால் உரிமம் வேண்டிய மூலநிரல் வெளியிடப்படவில்லை.

2003இன் நடுப்பகுதியில், அப்பெட்டியினுள் லினக்ஸும் அதனோடு சேர்ந்த சுதந்திரச் செய்நிரல்களும் இருப்பதை ஆராய்ந்து கண்டவர்கள், லினக்ஸ் உருவாக்குநர் நடுவே அதனைப் பகிரங்கப்படுத்தினர். அவ்வாண்டிலேயே லின்க்ஸிஸை ஏறத்தாழ 50 கோடி டொலருக்கு வாங்கிய சிஸ்கோ பெருநிறுவனம் ஓர் இக்கட்டுக்குள் அகப்பட்டது. பெட்டியை விற்றது லின்க்ஸிஸ். அதன் சில்லை ஆக்கியது புரோட்கொம். மென்பொருளை அமைத்துக் கொடுத்தது தாய்வானின் சைபர்-டான். உழைப்பு இவ்வாறு கைமாறிக் கைமாறி வந்தபோது உரிமத்தின் கடப்பாடு வழியில் மறக்கப்பட்டுவிட்டது. இலாபம் மாத்திரம் மறக்கப்படவில்லை. சுதந்திர மென்பொருள் இயக்கத்தாரின் வற்புறுத்தலின்பேரில் அதே ஆண்டில் மூலநிரல் வெளியாயிற்று.

இதன் விளைவை எந்த நிறுவனமும் எதிர்பார்த்திருக்காது. 2004 ஜனவரியில் அந்த மூலநிரலை அடிப்படையாக வைத்து ‘ஓப்பின்-டபிள்யூ-ஆர்-ரி’ என்னும் திட்டம் தொடங்கிற்று. நாளடைவில் நிறுவனத்தின் நிரலைத் திருத்துவதோடு நில்லாது, பில்ட்ரூட்டைத் தழுவி முழு முறைமையையும் புதிதாகக் கட்டும் நிலைக்கு அது வளர்ந்தது. கடையில் வாங்கிய மலிவான பெட்டி, உடைமையாளன் விரும்பிய வேலையைச் செய்யத்தக்க கணனியாக மாறிற்று.

இம்மாற்றத்தின் சமூகப் பயனை அறிய நாம் ஜெர்மனியின் பெர்லின் நகரை நோக்க வேண்டும். இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் நகரின் கிழக்குப் பகுதியிலே பல இடங்களில் செப்புக் கம்பிக்குப் பதிலாக அக்காலத்துக் கண்ணாடி இழைகள் புதைக்கப்பட்டன. செப்புக் கம்பியை நம்பிய விரைவு இணையச் சேவை பின்னர் வந்தபோது, புதிய இழை பெற்ற இக்குடியிருப்புகளே அச்சேவை கிடையாத இடங்களாயின. தொலைபேசி நிறுவனத்துக்கு அங்கே மீண்டும் முதலிடுவதில் அவசரம் இருக்கவில்லை. ‘பிறைபுங்க்’ என்னும் மக்கள் இயக்கத்தார் கூரைகளிலும் சன்னல்களிலும் இதே சிறு ரவுட்டர்களை ஏற்றி, மூல முறைமையை நீக்கி, ஓப்பின்-டபிள்யூ-ஆர்-ரியின் வழிவந்த தமது முறைமையைப் புகுத்தினர். ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்கும், அது அதற்கடுத்ததற்கும் தரவைக் கைமாற்றிக் கொடுத்தது. நடுவே எசமானன் இல்லாத வலை ஒன்று அயலவர்களால் பின்னப்பட்டது. 4 மெகாபைற்றுக்குள் அடங்கிய முறைமை இல்லையேல், அதனைத் திருத்தும் உரிமை இல்லையேல், இது நிகழ்ந்திராது.

உடைமை வர்க்கத்தின் மறுமொழியும் விரைவிலேயே வந்தது. 2005இன் பிற்பகுதியில் அதே பெயரோடு வந்த ரவுட்டரின் ஐந்தாம் வடிவத்தில் நினைவகங்கள் இரண்டும் பாதியாகக் குறைக்கப்பட்டன. லினக்ஸுக்குப் பதிலாக வி-எக்ஸ்-வேர்க்ஸ் என்னும் தனியுடைமை முறைமை புகுந்தது. செலவைக் குறைப்பதே இதன் நோக்கம் எனக் கொள்ளலாம். ஆனாலும், முன்னைய பெட்டியை விரும்பியோரைப் புறக்கணிக்க இயலாமையால், லினக்ஸோடு கூடிய பழைய வடிவம் வேறொரு பெயர்க்குறியோடு மீண்டும் விற்கப்பட்டது. மக்கள் திருத்திப் பயன்படுத்தும் உரிமையே சரக்கின் சந்தை மதிப்பாகிவிட்ட விந்தையை இங்கே காண்கிறோம்.

மறுபுறத்தில் உரிமத்தின் வலிமை நீதிமன்றங்களில் சோதிக்கப்பட்டது. லினக்ஸின் வலைப் பாதுகாப்புப் பகுதியை எழுதியோருள் ஒருவரான ஹரால்ட் வெல்டே தொடுத்த வழக்கில், 2004 மே மாதத்தில் மியூனிச் நீதிமன்றம் பொது உரிமம் செல்லுபடியாகும் என ஏற்று, சைட்கொம் நிறுவனத்துக்கு எதிரான தடையை உறுதிப்படுத்தியது. 2007இல் பிஸிபொக்ஸை ஆக்கியோரின் சார்பாக அமெரிக்காவில் இவ்வகை வழக்கு முதன்முதல் தாக்கல் செய்யப்பட்டு, இணக்கத்தில் முடிந்தது. 2008 டிசம்பரில் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை சிஸ்கோவையே நீதிமன்றுக்கு இழுத்தது. 2009 மே மாதத்தில் அதுவும் இணக்கமாயிற்று. நெகிழ்வட்டுக்கென எழுதப்பட்ட எளிய செய்நிரல் பெருநிறுவனங்களைப் பொறுப்புக் கூறச் செய்யும் சாட்சியாக நின்றது.

ஆயினும், இவ்வெற்றிகளைப் புகழ்ந்துகொண்டே போவது உண்மைக்கு நீதி செய்வதாகாது. இயக்கத்துக்குள்ளேயே முரண்பாடு எழுந்தது. வழக்காளிகளுள் ஒருவரான ரொப் லாண்ட்லி, இவ்வழக்குகளால் பிஸிபொக்ஸுக்குப் பயன்படும் நிரல் எதுவும் கிடைக்கவில்லை எனவும், நிறுவனங்கள் அஞ்சி விலகுவதே மிச்சம் எனவும் பின்னர் வாதிட்டார். பிஸிபொக்ஸுக்கு நிகராக அவர் எழுதிய ‘டோய்பொக்ஸ்’, திருப்பித் தரும் கடப்பாடு இல்லாத உரிமத்தோடு வளர்ந்து, 2015 முதல் ஆண்ட்ரொயிட் தொலைபேசிகளில் இடம்பெற்றது. அவருடைய வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. வழக்கு நிரல் எழுதித் தராது. ஆனால் ஓப்பின்-டபிள்யூ-ஆர்-ரி எங்கிருந்து பிறந்தது என்பதையும் மறத்தலாகாது. கடப்பாடு இருந்தமையாலேயே கதவு திறந்தது. கதவு திறந்தபின் உள்ளே சென்று உழைப்பது மனிதரின் வேலை.

இன்னொரு வழியாலும் கதவு அடைக்கப்பட்டது. மூலநிரலைத் தந்துவிட்டு, திருத்திய நிரலைப் பெட்டி ஏற்காதபடி வன்பொருளிலேயே பூட்டுப் போடும் முறை அது. இதனைத் தடுப்பதற்காக 2007 ஜூனில் பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. டோர்வால்ட்ஸ் அதனை ஏற்க உடன்படாது லினக்ஸ் கருவை இரண்டாம் பதிப்பிலேயே வைத்துக்கொண்டார். எனவே, சட்டத்தின் எழுத்து நிறைவேறியும் அதன் பயன் கிட்டாத பெட்டிகள் பெருகின.

பூட்டிய பெட்டியின் ஆபத்து 2016இல் உலகறிய வெளிப்பட்டது. ‘மிராய்’ என்னும் தீய செய்நிரல், இணையத்தோடு இணைந்த கண்காணிப்புக் கமராக்களையும் ரவுட்டர்களையும் பெருந்தொகையில் கைப்பற்றியது. தொழிற்சாலையிலே வைக்கப்பட்டு மாற்றப்படாது விடப்பட்ட கடவுச்சொற்களே அதன் திறவுகோல். பிடிபட்ட பெட்டிகளில் மிகப் பல லினக்ஸும் பிஸிபொக்ஸும் கொண்டவை. அவ்வாண்டு ஒக்டோபரில் இப்படையைக்கொண்டு டைன் நிறுவனத்தின் மீது நடத்தப்பட்ட தாக்குதலால் பெரும் இணையத் தளங்கள் பல அமெரிக்காவிலும் பிற இடங்களிலும் மணிக்கணக்கில் முடங்கின. கருவியை விற்றவன் அடுத்த கருவியை விற்கப் போய்விட்டான். வாங்கியவனுக்கோ திருத்தும் வழி இல்லை. பொது உழைப்பினாலான நிரல், பொதுமக்களின் கைக்கு எட்டாத இடத்தில் அடைபட்டுக் கிடந்தபோது, பொதுமக்களுக்கே எதிரான ஆயுதமாயிற்று. சுருக்கும் கலை மாத்திரம் போதாது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

லினக்ஸ் கருவும் இன்று பழைய உருவில் இல்லை. 10,000 வரிகளோடு பிறந்தது இப்போது இரண்டரைக் கோடி வரிகளுக்கும் அதிகமாகிவிட்டது. தேவையற்றதை விலக்கியே பெட்டிக்கு அனுப்பினும், 4 மெகாபைற் பெட்டிகளைத் தாங்கும் ஆற்றலை ஓப்பின்-டபிள்யூ-ஆர்-ரியின் அண்மைய வெளியீடுகள் இழந்துவிட்டன. 2016இல் அத்திட்டத்தார் இரண்டாகப் பிரிந்து 2018 ஜனவரியில் மீண்டும் ஒன்றுசேர்ந்தனர். 2024இல் அவர்கள் தமக்கெனவே வடிவமைத்த ரவுட்டரொன்றை மென்பொருள் சுதந்திரப் பாதுகாப்பகத்தின் துணையோடு வெளியிட்டனர். பிறர் விற்ற பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள், திறப்பதற்கென்றே செய்யப்பட்ட பெட்டியை அடைய இருபது ஆண்டுகள் சென்றன.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? பெரிய முறைமை சிறிய பெட்டிக்குள் அடங்கியது தனியொரு மேதையின் வித்தையால் அன்று. ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்து, வேண்டாததைக் கழித்து, வேண்டியதைக் கூட்டி, அடுத்தவர் கையில் ஒப்படைத்தமையாலேயே அது அடங்கிற்று. வாசிக்க முடியாததைச் சுருக்கவும் முடியாது. திறந்திருந்தமையே அது சிறுத்தமைக்கும் காரணம். எனவேதான் தொழில்நுட்ப வினாவும் உடைமை வினாவும் ஒன்றே என்றோம்.

நம்மைப் போன்ற சிறிய நாடுகள் இப்பெட்டிகளைப் பெரும்பாலும் விலைகொடுத்து வாங்குகின்றனவே அன்றிச் செய்வதில்லை. பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் அவற்றை வாங்குவோர் விலையை விசாரிக்கின்றனர், வேகத்தை விசாரிக்கின்றனர். இதன் மூலநிரல் எங்கே, எத்தனை ஆண்டுகளுக்குத் திருத்தம் வரும், நாமே திருத்தினால் பெட்டி ஏற்குமா என்று விசாரிப்போர் அரியர். மூலநிரல் கேட்டுப் பெறுவது சலுகையன்று. உரிமம் ஏற்கெனவே நமக்கு எழுதித் தந்த உரிமை. பெட்டியைப் பூட்டாது தருமாறு கேட்பது வாங்குவோரின் நியாயம். இவ்விரண்டையும் கேட்கும் குரல்கள் பெருகும்போதே, பல்லாயிரவர் உழைத்துச் சிறிதாக்கித் தந்த அந்த முறைமை, அது குடியிருக்கும் வீட்டாருக்கும் உண்மையில் உரியதாகும்.